தொண்ணூற்றெட்டு அங்குலம்

அத்தியாயம் ஒன்பது

ஏழு ஆண்டுகள்; ஐந்து வாடகை வீடுகள். ஐந்து முறை பாத்திரங்களைத் துணியில் சுற்றி, ஐந்து முறை அவிழ்த்து, ஐந்து வீடுகளின் சன்னல்களுக்கும் தன் கையால் திரை தைத்துத் தொங்கவிட்டவள் அவள். ஒரு வீட்டின் திரை மறு வீட்டுச் சன்னலுக்குப் பொருந்தாது. பொருந்தாத திரைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. இனி ஒரு திரையும் அந்தப் பெட்டிக்குப் போகக் கூடாது என்று அவளும் கணவனும் முடிவெடுத்த நாளிலிருந்து இருபத்திரண்டு வீடுகளை ஏறி இறங்கிவிட்டார்கள்.

ஈர வீடு, தூண் வீடு, நாய் வீடு, எதிரொலி வீடு என்று ஒவ்வொன்றுக்கும் அவர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். பார்த்த வீட்டையெல்லாம் அவள் டேப் பிடித்து அளப்பாள். அவன் நோட்டில் எழுதுவான். அவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். அதனால் கடையிலும் தெருவிலும் அவனுக்கு ‘லென்ஸ்’ என்றே பெயர்.

அவள் கேட்டது மாளிகை அன்று. திரைச்சீலைக் கடையில் பதினைந்து ஆண்டுகளாகத் துணி வெட்டித் தைக்கும் அவளிடம் சொந்தமாக ஒரு வெட்டுமேசை இருந்தது. எட்டடி நீளம், நாலடி அகலம். மூடிய கடை ஒன்றிலிருந்து வாங்கிய அந்த மேசை, இரண்டு ஆண்டுகளாகக் கால்கள் கழற்றப்பட்டுக் கட்டிலின் பின்னால் சுவரோடு சாய்ந்து நின்றது. அதை விரித்துப் போட ஓர் அறை வேண்டும். இரு பக்கமும் இரண்டிரண்டு அடி நடக்க இடம் வேண்டும். அப்படி ஓர் அறை கிடைத்தால் அவள் தன் தொழிலைத் தானே நடத்துவாள்.

அடுப்புக்கு ஓர் அறை ஒதுக்குகிறோம். உறக்கத்துக்கு ஓர் அறை ஒதுக்குகிறோம். மாதம் ஒருமுறை வந்து போகும் விருந்தினர் சாய்ந்து உட்காரவும் ஓர் அறை ஒதுக்குகிறோம். நாள்தோறும் உழைக்கும் ஒரு பெண்ணின் தொழிலுக்கு ஓர் அறை கேட்டால் மட்டும் அது பேராசை ஆகிவிடுமா?

அந்த இருபத்திரண்டில் ஒன்றான பச்சைக் கதவு வீட்டின் பின்னறையைக் கண்டபோது அவள் கண்கள் மின்னியதையும், அன்றிரவே நோட்டின் கணக்கு அந்த மின்னலை அணைத்ததையும் முன்பே கண்டோம். அகலம் எண்பத்தெட்டு அங்குலம். மேசையின் நாலடியும் நடக்க நாலடியும் சேர்ந்து தொண்ணூற்றாறு வேண்டும். எட்டு அங்குலத்தில் போயிற்று.

அதன் பிறகுதான் லென்ஸின் அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார், தன் பக்கத்து வீடு விலைக்கு வருவதாகச் சொன்னார். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. மேசைக்கு மூலைகூட இல்லை. அந்த வீட்டுக்குச் சம்மதம் சொல்ல வேண்டிய நாள் இன்று; மாலை ஐந்து மணி.

காலை ஏழரைக்கே கைப்பேசி அலறியது. லென்ஸ் அதை அலமாரிமேல் வைத்து இருவருக்கும் கேட்கும்படி அழுத்தினான்.

“தம்பி, அஞ்சு மணி. ஆறு மணிக்கு வந்து நின்னுக்கிட்டு பஸ் வரலைன்னு சொல்லாதே.”

“வந்துடறோம்க்கா.”

“அவ பக்கத்துல இருக்காளா? ஏம்மா, மேசைக்காக மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதே. என் கார் ஷெட்டுல போட்டுக்கோ.”

“ஷெட்டுல கார் நிக்குமே அண்ணி?”

“எந்நேரமுமா நிக்குது? நான் வெளிய போறப்ப நீ வெட்டிக்கோ.”

“அப்ப நீங்க எப்ப வெளிய போவீங்கன்னு பாத்துத்தான் நான் ஆர்டர் எடுக்கணும்.”

லென்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்தான். மறுமுனையில் நாத்தனாரும் சிரித்துவிட்டார்.

“வாய் இருக்கே உனக்கு! சரி, போன வாரம் குடுத்தியே நீல சாக், இன்னொண்ணு கொண்டா. அது கரைஞ்சு போச்சு.”

துணியில் கோடு போடும் சாக் அவருக்கு எதற்கு என்று அவள் கேட்பதற்குள் இணைப்பு அறுந்தது.

லென்ஸுக்கு ஒன்பது வயதாகும்போது தாய் இறந்தாள். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டு தம்பியைக் கரையேற்றியவர் இந்த அக்கா. அவர் பேச்சுக்கு மறுபேச்சு அவன் நாவில் பிறந்ததே இல்லை. நன்றி நல்ல குணந்தான். ஆனால் அந்த நன்றியே ஒரு மனிதனின் வாயைத் தைத்துவிடும்போது, தையலைப் பிரிக்கத்தானே வேண்டும்?

“உங்க அக்கா வீட்டுப் பக்கம் வர்றதுல எனக்கு ஒண்ணுமில்லீங்க. என் மேசை அவங்க காருக்கு வாடகைக்கு இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

“வேற வீடு எங்க இருக்கு?” என்றான் அவன். “இருபத்திரண்டு பாத்தாச்சு.”

“இன்னும் ஒரு பகல் இருக்கு.”

கையில் ஒரு முழத் துணிகூட இல்லாமல் திரை தைக்கிறேன் என்று சொல்பவளின் உறுதி அது. ஆனாலும் உறுதி.

நண்பகலில், கடையில் ஒரு விடுதிக்கான அறுபது திரைகளை வெட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று கத்தரிக்கோலை வைத்தாள். நாத்தனாரின் பக்கத்து வீட்டுக் கூடத்தில் மேசையைக் குறுக்காகப் போட்டால்? சமையலறைக்குப் போக வழி மிஞ்சுமா? கணவனை அழைத்தாள்.

“நோட்டு கையில இருக்கா? அக்கா பக்கத்து வீட்டுக் கணக்கைப் படிங்க.”

“வாடிக்கையாளர் இருக்காருடி.”

“அவருக்குக் கண்ணுதானே தெரியாது, காது கேக்கும், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க.”

ஏடு புரளும் ஓசை கேட்டது. “கூடம் அகலம் நூத்தி எட்டு. படுக்கையறை தொண்ணூத்தி ரெண்டு. சமையலறைக் கதவு இருபது...”

“இருங்க. கதவு எத்தனை?”

“இருபது.”

“இருபது இன்ச்சுல கதவா? அந்தச் சமையலறைக்குள்ள துணி துவைக்கிற மெஷின் இருந்துச்சே. அதுவே இருபத்தி நாலு இன்ச் இருக்கும். எந்த வழியா உள்ள போச்சு? கூரையப் பிரிச்சா இறக்கினாங்க?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? நோட்டுல இருபதுன்னு இருக்கு.”

“நான் என்ன சொன்னேன்?”

“நீ முப்பதுன்னு சொன்ன. நான் பத்தைக் கழிச்சு எழுதினேன்.”

அவள் கையிலிருந்த சாக் தரையில் விழுந்து உடைந்தது.

இங்கே அந்தத் திரைச்சீலைக் கடையின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவளுடைய பழைய பத்தடி இன்ச் டேப்பின் முனை நைந்து போனதால், முதல் பத்து அங்குலத்தை அவளே வெட்டி எறிந்திருந்தாள். அந்த டேப் பத்திலிருந்துதான் தொடங்கும். வேலை ஓட்டத்தில் மனக்கணக்குப் போட நேரமில்லை. ஆகவே அளப்பவள் டேப்பில் தெரிவதை அப்படியே கூவுவாள், எழுதுபவர் பத்தைக் கழித்து எழுதுவார். கூவிய எண்ணை அவள் அப்போதே மறந்துவிடுவாள், நோட்டில் விழுந்ததே கணக்கு. கடைக்காரம்மா அப்படித்தான் எழுதினார். வீடு தேடப் புறப்பட்ட முதல் நாளே லென்ஸுக்கும் அவள் அதையே கற்றுக் கொடுத்திருந்தாள்.

ஆனால் மூன்று வாரங்களுக்கு முன் கடைக்காரம்மா எல்லாருக்கும் புது டேப் கொடுத்துவிட்டார். அது முதல் அங்குலத்திலிருந்தே தொடங்குவது. கடையில் எல்லாருக்கும் தெரியும். கணவனிடம் சொல்ல மட்டும் அவள் மறந்தாள்!

“நான் டேப்பை மாத்தி மூணு வாரமாச்சுங்க!”

“எங்கிட்ட யாரு சொன்னா?”

“பழசு வெள்ளை, புதுசு மஞ்சள். கண்ணாடிக் கடையில வேலை பாக்கறீங்க, கண்ணு தெரியலையா?”

“நான் நோட்டைத்தானே பாத்துக்கிட்டிருந்தேன்!” என்றான் அவன் அடிபட்ட குரலில். “எங்க கடையில எண்ணை எழுதிக் குடுத்தா கேள்வி கேக்காம தேய்க்கறதுதான் பழக்கம்.”

“பச்சைக் கதவு வீடு என்னைக்குப் பாத்தோம்? தேதி சொல்லுங்க.”

மறுபடி ஏடு புரண்டது. அந்தச் சில நொடிகளில் தையல் இயந்திரங்களின் இரைச்சல்கூட அவள் காதில் விழவில்லை.

“பதினேழு நாள் ஆச்சு,” என்றான் அவன். பிறகு, மிக மெதுவாக, “எண்பத்தெட்டுன்னு எழுதியிருக்கேன். அப்படின்னா நீ சொன்னது...”

“தொண்ணூத்தி எட்டு.”

கடைக்காரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “என்னடி, லாட்டரியா?”

“எனக்கு அரை நாள் லீவு வேணும்மா. ஒரு அறையை அளக்கணும்.”

“சொந்த மேசை போட்டு என் வயித்துல அடிக்கப் போற அறையா?”

“ஆமாம்மா.”

“கேக்குது பாரு, கூசாம!” கடைக்காரம்மா சுவரிலிருந்த டேப் ஒன்றை இழுத்து அவள் கழுத்தில் மாலைபோலப் போட்டார். “உன்னுது இழுபட்டிருக்கும். இது இன்னும் கை படாதது. போ, இங்க நின்னு என் துணியைக் கோணலா வெட்டாதே.”

பச்சைக் கதவைத் திறந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். மகளோடு போய் இருக்க முடிவு செய்து வீட்டை விற்கிறவர். அவளை அவருக்கு நினைவிருந்தது.

“வேண்டாம்னு சொல்லிட்டுப் போனவங்கதானே?”

“தப்பா அளந்துட்டோம் ஐயா. இன்னொரு தடவை அளக்கணும்.”

“நாப்பது வருசம் நான் ஊர்க் கதவெல்லாம் தட்டினேன். இப்ப ஊரே வந்து என் கதவைத் தட்டுது. வா, வா.”

பின்னறையில் பிற்பகல் வெயில் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. டேப்பின் ஒரு முனையை அவர் சுவரோடு பிடித்தார். மறுமுனையை அவள் இழுத்துப் போய் எதிர்ச் சுவரில் கட்டை விரலால் அழுத்தினாள். எண்ணைப் பார்க்கத் துணிவில்லை.

“நீங்களே வந்து படிங்கய்யா.”

அவர் தன் முனையை ஓர் ஆணியில் மாட்டிவிட்டு வந்து குனிந்தார். “தொண்ணூத்தி எட்டு.”

“இன்னொரு தடவை.”

“எத்தனை தடவை படிச்சாலும் அட்ரஸ் மாறாதும்மா. தொண்ணூத்தி எட்டு.”

அவள் அந்த அறையின் நடுவில் நின்றாள். நின்றவள், கண்ணுக்குத் தெரியாத ஒரு மேசையைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். இடுப்பு எங்கும் இடிக்கவில்லை. தபால்காரர் சிரிக்காமல் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

“வீடு எங்களுக்கு வேணும் ஐயா.”

“நேத்து ஒருத்தர் பாத்துட்டுப் போயிருக்காரு. ஆறு மணிக்கு போன்ல முடிவு சொல்றேன்னாரு. அதுக்கு முன்னால நீங்க சொன்னா சாவி உங்களுக்கு. என் சாவி ஒருத்தர் கைக்குப் போயிட்டா பேச்சு முடிஞ்சது. எழுத்து வேலையெல்லாம் அப்புறம்.”

“நான்தான் இப்பவே சொல்றேனே.”

“உன் வாய் மட்டும் பத்தாது. போன தடவை நீ கண்ணாலேயே வேணும்ன. மறுநாள் அவரு வந்து நோட்டைக் காட்டி வேண்டாம்னாரு. ரெண்டு பேரும் சேந்து வந்து என் முன்னால சொல்லுங்க. ஆறு மணி வரைக்கும் நான் வேற யாருக்கும் தர மாட்டேன்.”

ஐந்துக்கு நாத்தனார் வீடு. ஆறுக்கு இந்த வீடு. நடுவே பேருந்தில் இருபது நிமிட வழி. நிறுத்தம் வரை அவள் ஓடவில்லை, ஆனால் அவளோடு நடந்தவர்களெல்லாம் பின்தங்கினார்கள்.

நாத்தனார் வீட்டு வாசலில் லென்ஸ் காத்திருந்தான். வேலையிலிருந்து நேரே வந்தவன். நகக்கண்ணில் லென்ஸ் பொடி வெள்ளையாக இருந்தது.

“தொண்ணூத்தி எட்டு,” என்றாள்.

அவன் முகம் மலர்ந்து, உடனே வாடியது. உள்ளே பார்த்தான். “அக்காகிட்ட யாரு சொல்றது?”

“நான் சொல்லட்டுமா?”

“கழிச்சவன் நான். நானே சொல்றேன்.”

கூடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே உட்கார்ந்து தேநீர் பருகிக்கொண்டிருந்தார். நாத்தனார் முகத்தில் திருவிழாக் களை.

“வாங்க வாங்க. இவருகிட்ட நான் காலையிலேயே வாக்குக் குடுத்துட்டேன். நீங்க சும்மா தலையாட்டினாப் போதும்.”

லென்ஸ் வாயைத் திறந்தான். மூடினான். தேநீரைக் கையில் வாங்கினான். சுவர்க் கடிகாரத்தின் முள் பத்து நிமிடத்தைத் தின்றது. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாயில் அவள் சொல்லை வைக்க எவ்வளவு நேரமாகும்? ஒரு நொடி. ஆனால் இந்த ஒரு சொல்லை அவன்தான் சொல்ல வேண்டும். இன்று இவள் சொல்லிவிட்டால், நாளை வாங்கும் வீட்டிலும் அவன் அக்காவின் தம்பியாக மட்டுமே குடியிருப்பான்.

அவன் தேநீரைக் குடிக்காமலே கீழே வைத்தான்.

“அக்கா, இந்த வீடு எங்களுக்கு வேண்டாம்.”

பக்கத்து வீட்டுக்காரர் தேநீரை ஒரு வாய் உறிஞ்சினார்.

“என்னடா சொன்ன?”

அவன் தடுமாறித் தடுமாறிச் சொன்னான்: டேப்பை, பத்தை, பச்சைக் கதவை, பின்னறையை. நாத்தனார் முழுவதும் கேட்டார். முப்பது ஆண்டு அடுத்தவர் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு இருந்தவர். குறுக்கே பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. கேட்டு முடித்ததும் திரும்பியது தம்பியை நோக்கி அன்று.

“பத்து இன்ச்சுக்காகவா? ஏம்மா, பத்து இன்ச்சுக்காகவா என் வாக்கைக் கெடுக்கற?”

“ஆமா அண்ணி. அந்தப் பத்து இன்ச்சு இல்லாமத்தான் பதினஞ்சு வருசமா இன்னொருத்தர் கடையில நின்னு வெட்டறேன்.”

“நானும் முப்பது வருசம் இன்னொருத்தர் ஆபீசுலதான் உக்காந்தேன். எனக்கு யாரு அறை குடுத்தா?”

“யாரும் குடுக்கலை. அதுதான் அண்ணி தப்பு. உங்களுக்கும் குடுத்திருக்கணும்.”

நாத்தனார் எழுந்து நேரே பின்கட்டுக்குப் போனார்.

பக்கத்து வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். “அப்ப நான் என்ன, தேநீர் குடிக்கத்தான் வந்தேனா?”

“உங்க வீடு நல்ல வீடுய்யா,” என்றாள் அவள் கைகூப்பி. “எங்களுக்கான வீடு இல்லை. உங்களைக் காக்க வச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க.”

பின்னால் வாளி உருளும் ஓசை. அவள் எழுந்து போனாள்.

இரு வீட்டுக்கும் நடுவிலிருந்த மதிலில் நீலக் கோடுகளால் ஒரு கதவு வரையப்பட்டிருந்தது. ஆளுயரம், நேர்த்தியான நிலை, பிடிகூட ஒரு சிறு வட்டமாகப் போடப்பட்டிருந்தது. அவள் கொடுத்த சாக். மதிலை உடைத்து, இரு வீட்டுக்கும் ஒரு வழி வைக்க நினைத்திருக்கிறார்! கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார். கொத்தனார் வந்து உடைத்த பிறகே காட்டியிருப்பார். அன்பும் ஆணையும் ஒரே கையால் வரைந்த கதவு அது.

நாத்தனார் ஈரத்துணியால் அதை அழித்துக்கொண்டிருந்தார். மேல்பாதி போய்விட்டது.

“அழிக்காதீங்க அண்ணி.”

“பின்ன? இதுல முட்டிக்கவா?”

அவள் மனம் இளகியது. இந்த இடத்தில் எத்தனையோ பெண்கள் இளகித்தான் நின்றுவிட்டார்கள். ‘சரி, உங்க ஷெட்டுலயே போட்டுக்கறேன்’ என்ற ஒரு வாக்கியம் போதும். எல்லாரும் அழுது, எல்லாரும் சிரித்து, அந்த மேசை மட்டும் ஆயுள் முழுவதும் சுவரில் சாய்ந்து நிற்கும். அவள் இளகினாள், ஆனால் அசையவில்லை. இரண்டும் ஒருசேர முடியும் என்பதை அன்றுதான் அறிந்தாள்.

“நான் போகணும் அண்ணி. ஆறு மணிக்குள்ள. இந்தக் கதவுக்கு நான் திரும்பி வருவேன்.”

“வராட்டி?”

“வருவேன்.”

காலையில் கேட்ட நீல சாக்கைக் கைப்பையிலிருந்து எடுத்து மதில்மேல் வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்தாள். பின்னால் துணி தேய்க்கும் ஓசை நின்றதா, தொடர்ந்ததா? அவளுக்குக் கேட்கவில்லை.

ஐந்து முப்பத்தெட்டு. பேருந்துக்கு நிற்காமல் ஆட்டோ பிடித்தார்கள். லென்ஸ் வழி முழுவதும் தன் இரு உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு வந்தான்.

“சொல்லிட்டேன்ல?” என்றான், தானே நம்பாதவனாய்.

“சொல்லிட்டீங்க.”

“தேநீரைக் கொட்டாமச் சொல்லிட்டேன்.”

“அதையும் பாத்தேன். நல்ல வேளை, எழுதும்போதுதான் கழிக்கறீங்க, பேசும்போது இல்லை.”

அவன் அன்றைக்கு முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தான்.

பச்சைக் கதவு அகலத் திறந்திருந்தது. படியில் பளபளக்கும் ஒரு சோடி ஆண் செருப்பு. தபால்காரருடையது அன்று, அவருடையது தேய்ந்து ஓரமாகக் கிடந்தது.

உள்ளே, பின்னறையிலிருந்து ஓர் அன்னியக் குரல் கேட்டது. “சார், இந்த ரூம் தொண்ணூத்தி எட்டு இன்ச் வருது. என் கேரம் போர்டுக்குத் தாராளம்.”

தொலைபேசியில் சொல்வதாக இருந்த ஆள் நேரிலேயே வந்துவிட்டார்!

லென்ஸ் படியில் நின்றுவிட்டான். அவள் நிற்கவில்லை. அவன் மணிக்கட்டைப் பற்றினாள். இருவரும் ஒன்றாக நடைக்குள் நுழைந்தார்கள். கூடத்துக் கடிகாரம் ஆறுக்கு நான்கு நிமிடம் காட்டியது.

“ஐயா! ரெண்டு பேரும் வந்திருக்கோம். இந்த வீடு எங்களுக்கு வேணும்.”

“எங்களுக்கு வேணும்,” என்றான் லென்ஸ், அவளைவிட உரக்க.

பின்னறை வாசலில் ஓர் உயரமான மனிதர் தோன்றினார். “என்ன சார், நானும் வேணும்னு சொல்லத்தானே வந்தேன்?”

தபால்காரர் அவரைப் பார்த்தார். இவர்களைப் பார்த்தார். பிறகு ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார்.

இரண்டு கைகள் நீண்டன. ஒரு கையில் விலையுயர்ந்த கடிகாரம் மின்னியது. மற்றக் கையின் கட்டைவிரலில் பதினைந்து ஆண்டுக் கத்தரிக்கோல் காய்ப்பு ஏறியிருந்தது.

சாவி இன்னும் தபால்காரரின் விரலில்தான் இருந்தது; அந்தக் காய்ப்பேறிய கை மடங்கவில்லை.